மிஞ்சினது வெளியே போயிடும்

இரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லாரும் அவளைக் கொசு என்றுதான் சொன்னார்கள். அந்தப் பட்டத்தை அவளே தேடிக்கொண்டாள். நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும், "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அதுக்கு எதுக்கு இப்படி முழிக்கிறீங்க?" என்று அதட்டுவாள். அவர்கள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் குழாயில் இரத்தம் ஏறியிருக்கும். பஞ்சை வைத்து அழுத்தி, "கையை மடக்குங்க, எழுந்திருங்க, அடுத்தது யாரு?" என்பாள். நன்றி சொல்ல நினைத்தவர்கள்கூட அந்த முகத்தைப் பார்த்ததும் எண்ணத்தை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

எல்லாம் இடது ஆள்காட்டி விரலின் வேலை. ஊசியைப் பிடிப்பது வலது கை. ஊசிக்கு வழி சொல்வது அந்த விரல். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, முழங்கை மடிப்பில் விரல் நுனியை வைத்து லேசாக அழுத்தி எடுப்பாள். அடியில் நரம்பு இருந்தால் அது விரலைத் திருப்பித் தள்ளும். மேலே பச்சையாகத் தெரிகிற நரம்பை அவள் நம்புவதில்லை. "கண்ணுக்குத் தெரியறது பாதி ஏமாத்து வேலை" என்பாள். குண்டானவர்கள், கிழவர்கள், ஆஸ்பத்திரியில் குத்திக் குத்திக் கை வீங்கிப் போனவர்கள் எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்து இரத்தம் கொடுத்தார்கள். திட்டு வாங்கினாலும் ஒரே குத்து என்பது அந்த வட்டாரத்தில் பெரிய விஷயம்.

கொசுவுக்கு இன்னொரு வசனமும் இருந்தது. சிறுநீர்க் குப்பியைக் கொண்டுவருகிற யாராவது, "இப்படி மஞ்சளா இருக்குங்களே, காமாலையா இருக்குமோ?" என்று நடுங்கினால், குப்பியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். "சத்து மாத்திரை சாப்பிட்டீங்களா? அதான். உடம்பு தனக்கு வேணுங்கறதை எடுத்துக்கும், மிஞ்சினது வெளியே போயிடும். போய் வேலையைப் பாருங்க." வருஷக்கணக்கில் இதையே சொல்லிச் சொல்லி, அது அவளுக்கு வேதமாகிவிட்டது. கேட்டவர்களும் நிம்மதியாகப் போனார்கள். யாரும் திரும்பி வந்து சண்டை போடவில்லை, அது ஒன்றுதான் அவளிடம் இருந்த அத்தாட்சி.

வீட்டில் அவளுக்கு ஒரு நாத்தனார். கணவரின் தங்கை. கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து முன்னறையைப் பிடித்துக்கொண்டவள். பரிசோதனை நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் மருந்துக் கடையில் வேலை. அவளுக்கும் வாய் நீளம். துணி காயப்போடுகிற கம்பி, மின்விசிறியின் வேகம், குளியலறை விளக்கை யார் அணைக்காமல் போனது என்று இரண்டு பேருக்கும் நாளொரு தகராறு. ஆனாலும் அதுவரை பேசிக்கொண்டுதான் சண்டை போட்டார்கள்.

பேச்சு நின்றது ஊசியால். ஒரு காலை, நாத்தனார் ஏதோ பரிசோதனைக்காகக் கையை நீட்டிக்கொண்டு கொசுவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று காலையில்தான் வீட்டில் பெரிய சண்டை. ஒருவரையும் தவறவிடாத கொசு, அந்தக் கையில் மட்டும் குத்திக் குத்தித் தவறினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப் போனது. நாத்தனார் எழுந்து நின்று, காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "வேணும்னே குத்தறாங்க. வீட்டுச் சண்டையை ஊசியில காட்டறாங்க" என்றாள்.

வேண்டுமென்றே குத்தினாளா என்றால், அது கொசுவுக்கே தெரியாது. கையில் கோபம் இருந்தது, அது மட்டும் நிச்சயம். ஆனால் தொழில் செய்கிற இடத்தில் ஊரைக் கூட்டி அப்படிச் சொன்னதை அவளால் மன்னிக்க முடியவில்லை. சொன்னதைத் திருப்பி வாங்குகிற வரைக்கும் அவளோடு ஒரு வார்த்தை கிடையாது என்று கணவரிடம் அறிவித்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவர், வீட்டுக்கு வந்தால் தபால்காரர். "குழாயைச் சரியா மூடச் சொல்லுங்க உங்க தங்கச்சியை." "மூடினது நான்தான்னு உன் வீட்டம்மாகிட்ட சொல்லுண்ணா." இரண்டு பேரும் எதிரெதிரே நின்றபடியே இதைச் சொல்வார்கள், நடுவில் அவர் தலையை அங்குமிங்கும் திருப்புவார். யாருடைய மனமும் கோணக் கூடாதென்று இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டு அவருக்குத் தொந்திதான் வளர்ந்தது.

இப்படியே சில வருஷம் ஓடியபோதுதான் கொசுவின் மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்தது. அதன்பிறகு வாராவாரம் ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். புற்றுநோய் டாக்டரம்மா கறாரான பேர்வழி. கொசுவைப் போலவே சிரிக்கத் தெரியாதவர். அதனாலேயே கொசுவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"இந்த மருந்து நல்லா வேலை செய்யும். ஆனா நரம்பைப் பாதிக்கும்" என்றார் டாக்டரம்மா.

"பாதிக்கட்டுமே. இந்தக் கையில நரம்பு போனா அந்தக் கையில போட்டுக்கலாம். நரம்பைத் தேடறதுதான் என் பொழைப்பே."

"நீங்க சொல்றது இரத்தம் ஓடுற நரம்பு. நான் சொல்றது அது இல்ல. தொட்டா தெரியுது பாருங்க, அந்த நரம்பு. விரல் நுனி, பாதம் எல்லாம் மரத்துப் போகலாம்."

கொசு அதுவரை எதற்கும் அசையவில்லை. கட்டி என்றபோது அசையவில்லை, முடி கொட்டும் என்றபோது "சீப்புச் செலவு மிச்சம்" என்றாள். இப்போது இடது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "வராம இருக்க ஏதாவது மாத்திரை உண்டா?"

"இல்ல. மரத்துப் போக ஆரம்பிச்சதும் எங்கிட்ட சொல்லணும். மருந்தோட அளவைக் குறைப்பேன், இல்ல தள்ளிப் போடுவேன். அது ஒண்ணுதான் வழி. இப்ப வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"மருந்தா? ஒண்ணுமில்லையே."

அது பொய்யில்லை. அன்றைக்கு அவள் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. பிறகு சத்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபோதும் அவள் கணக்கில் அது மருந்து ஆகாது. மருந்து வேறு, சத்து வேறு.

நோய் வந்த வீட்டுக்கு வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெறுங்கையோடு வந்தாலும் வெறும் வாயோடு வர மாட்டார்கள். ஒருத்தி இலைச்சாறு என்பாள், ஒருத்தன் சர்க்கரையை நிறுத்து என்பான், யாரோ ஒரு சித்தப்பாவின் மச்சினன் எதையோ குடித்து எழுந்து நடந்தான் என்பார்கள். கொசு அவர்களையெல்லாம் வாசலோடு விரட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த பொடியை அவர் கண்ணெதிரிலேயே குப்பையில் கொட்டினாள். அவ்வளவு விவரமானவள். ஆனால், வந்தவர்களில் ஒருத்தி போகிறபோக்கில், "நரம்புக்கு இருக்கவே இருக்கு வைட்டமின் மாத்திரை, அதைப் போட்டா மரத்துப் போகாதாமே" என்று சொன்னது மட்டும் அவள் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. பயந்தவளுக்கு எது வேண்டுமோ அதுதானே காதில் விழும்?

எதிர்ச்சாரிக் கடையில் வாங்கினால் நாத்தனார் கையால் வாங்க வேண்டும். அதற்குச் சாவதே மேல் என்று, பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்கு நடந்து போய் நரம்புச் சத்து மாத்திரை வாங்கினாள். பெட்டியில் தினம் ஒன்று என்று போட்டிருந்தது. கொசு காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவில் ஒன்று விழுங்கினாள். பயம் அதிகமான நாட்களில் இன்னும் ஒன்று. மிஞ்சினது வெளியே போயிடும் என்று ஊருக்கே சொன்னவள் தனக்குச் சொல்லிக்கொள்ளக் கேட்பானேன்?

சில வாரங்கள் போயின. ஒரு நாள் தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. இன்னொரு நாள் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் கேட்டார். அவள், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள். சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள். குறைத்தால் கட்டி திரும்பி வரும். சொல்லாவிட்டால் விரல் போகும். உயிர், விரல் இரண்டையும் காப்பாற்ற மாத்திரை இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அளவை இன்னும் கூட்டினாள்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. வழக்கமாக வருகிற பெரியவர், கயிறு மாதிரி நரம்புள்ளவர், கையை நீட்டினார். கொசு பட்டையைக் கட்டி விரலை வைத்தாள். அடியில் எதுவும் தள்ளவில்லை. தலையணையில் விரலை வைத்தது போல இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை நம்பிக் குத்தினாள். தவறியது. மறுபடி குத்தினாள். பெரியவர், "என்னம்மா, கொசுவா நீ?" என்று சிரிக்கத்தான் சிரித்தார். ஆனால் மறுநாள் அவர் வேறு வரிசையில் போய் நின்றார்.

கொஞ்ச நாளில் முதலாளி அவளைக் கூப்பிட்டு, உடம்பு தேறும்வரை குப்பிகளை வாங்கி வைக்கிற மேசையில் உட்காரச் சொன்னார். அவள் நாற்காலிக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். கொசு மேசையில் உட்கார்ந்தபடி அந்தப் புதியவள் கட்டுகிற ஒவ்வொரு பட்டையையும் முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முறைப்பிலேயே அந்தப் பெண் ஒரே பட்டையை இரண்டு தடவை கட்டுவாள்.

அடுத்த வாரம் டாக்டரம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. "கண்ணை மூடுங்க. பஞ்சால விரலைத் தொடுவேன். தொடும்போது சொல்லுங்க" என்றார்.

கொசு கண்ணை மூடிக் காத்திருந்தாள். காத்திருந்து அலுத்துப்போய், "எப்ப தொடப் போறீங்க?" என்றாள்.

"தொட்டு முடிச்சாச்சு."

பிறகு டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். ஏன் சொல்லவில்லை, எத்தனை நாளாக, பாதமுமா, நடை தள்ளாடுகிறதா என்று துருவினார். "என்ன சாப்பிடறீங்க? மருந்தான்னு கேக்கல. வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் சொல்லுங்க." கொசு கைப்பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்தாள். டாக்டரம்மா அதைத் திருப்பிப் படித்தார். தினம் எத்தனை என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் பெட்டியை மேசையில் போட்டார்.

"இதுல பி ஆறுன்னு ஒரு சத்து இருக்கு. கொஞ்சமா இருந்தா நரம்புக்குத் தேவை. அளவு மீறிச் சாப்பிட்டுக்கிட்டே இருந்தா அதே நரம்பைக் கெடுக்கும். விரல் மரத்துப்போறது, பாதம் மரத்துப்போறது, தள்ளாடறது எல்லாம் இதுலயும் வரும்."

"மிஞ்சினது மூத்திரத்துல போயிடுமே, டாக்டர்."

"யாரு சொன்னா?"

நான்தான் சொன்னேன், ஊருக்கெல்லாம் நான்தான் சொன்னேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள் கொசு. எத்தனை பேரிடம் சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தாள், எண்ணி முடியவில்லை.

"மஞ்சளாப் போறது இதே மாத்திரையில இருக்கிற வேற சத்து. அதைப் பார்த்துட்டு எல்லாமே வெளியே போயிடுச்சுன்னு நினைச்சா எப்படி? இந்த ஊசியால மரத்துப்போறதை வைட்டமின் தடுக்கும்னு எந்த நிரூபணமும் இல்ல. அதுக்குன்னு கொடுத்துப் பார்த்த சத்துல சிலது இன்னும் மோசமாக்கியிருக்கு. இன்னிக்கோட நிறுத்துங்க. இந்த வாரம் ஊசி கிடையாது. கொஞ்ச நாள் பார்ப்போம். இதே நிலைமை நீடிச்சா இந்த மருந்தையே நிறுத்த வேண்டி வரும். எனக்கு நிறுத்த மனசில்ல, கேக்குதா?"

அன்றைக்கே கொசு மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். அந்த விஷயத்தில் அவள் டாக்டரம்மாவை ஏமாற்றவில்லை. ஒரு வாரம் போனது. பரிசோதனை நிலையத்தில் ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு போய்த் தன் சிறுநீரைப் பிடித்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பளீரென்று மஞ்சள்.

மாத்திரையை நிறுத்தினால் இரண்டொரு நாளில் நிறம் வெளுத்துவிடும். மறுநாளும் பார்த்தாள். அதே மஞ்சள். கொசுவுக்குக் காது சூடேறியது. தான் சாப்பிடாத மாத்திரை தன் உடம்பில் எப்படி வருகிறது? யாரோ உள்ளே தள்ளுகிறார்கள். தன் வாய்க்குள் என்னவெல்லாம் போகிறது என்று யோசித்தாள். அந்த நாட்களில் வாய் முழுக்கப் புண். எதைத் தின்றாலும் இரும்பை நக்கியது போல இருக்கும். இறங்கியது ஒன்றே ஒன்றுதான், காலையும் மாலையும் கணவர் கொண்டுவந்து கொடுத்த கஞ்சி. "நான் வச்சது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக் கொடுத்தார். வெந்நீர் வைத்தாலே அடிபிடிக்க வைக்கிற மனிதர்.

கொசு இரண்டு நாள் கஞ்சியைக் குடிப்பது போல வாங்கித் தொட்டியில் ஊற்றினாள். மூன்றாம் நாள் குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். நிறம் வெளுத்திருந்தது.

நேரே வீட்டுக்கு வந்தாள். நாத்தனார் தன் அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னக் கல்லுரல். அதில் அரைபட்ட மாத்திரையின் தூள் ஒட்டியிருந்தது. கணவர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். தபால் கொண்டுபோக ஆளில்லை. வருஷங்களுக்குப் பிறகு கொசு நாத்தனாரைப் பார்த்து நேராகப் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"எனக்கு மருந்து வச்சியா?"

நாத்தனார் கரண்டியோடு திரும்பினாள். முகம் வெளிறியதே தவிர வாய் அடங்கவில்லை. "மருந்து இல்ல. சத்து."

"எத்தனை நாளா?"

"முதல் ஊசியிலேர்ந்து."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கறது? நீங்க எங்கூடப் பேசறீங்களா? நான் வச்ச கஞ்சின்னு தெரிஞ்சா ஒரு வாய் குடிச்சிருப்பீங்களா? ஊசி போட்டுக்கறவங்களுக்கு இதைத்தான் கடையில எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க. விரல் மரத்துப் போகாதுன்னு மருந்துக் கம்பெனிக்காரன் வந்து சொன்னான். போட்டேன்."

"உன்னை யாரு என் விரலைப் பத்திக் கவலைப்படச் சொன்னா?"

"விரல் போனா வேலை போகும். வேலை போனா நாள் முழுக்க வீட்டுல உக்காந்திருப்பீங்க. அதை யாரு தாங்கறது?"

கொசு சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலடியில் தரை இருப்பதே தெரியாத கால்கள். "அந்த மாத்திரைதான்டி என் நரம்பைக் கெடுத்துச்சு. டாக்டரே சொன்னாங்க. நான் ஒரு பக்கம் முழுங்க, நீ ஒரு பக்கம் ஊத்த... என் கையைப் பிடுங்கிட்டியே, பாவி."

நாத்தனாருக்கு அப்போதுதான் பாதி புரிந்தது. "நீங்களும் சாப்பிட்டீங்களா? எங்க வாங்கினீங்க?"

"எங்கயோ வாங்கினேன்."

"பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கமா?" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தினம் என் கடை வாசல்லதானே நடக்கறீங்க? படியேறி வந்து வாங்கியிருந்தா நான்தானே எடுத்துக் கொடுத்திருப்பேன்? ஏற்கெனவே கஞ்சியில போடறேன், வேண்டாம்னு சொல்லியிருப்பேனே? அந்த அளவுக்கா நான் வேண்டாதவளாப் போயிட்டேன்?"

கொசு, அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கணவர் மேல் பாய்ந்தாள். "நீங்க வச்ச கஞ்சியா அது?" நாத்தனாரும் அவர் பக்கம் திரும்பி, "வாயைத் திறந்து சொல்லேண்ணா" என்றாள். வெகுகாலத்துக்குப் பிறகு இரண்டு பெண்களும் ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தான். அவர் ஈரக்கையோடு நின்று, இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "எனக்குப் பசிக்குது" என்றார். பாவம், அவருக்கு மாத்திரை விஷயம் சத்தியமாகத் தெரியாது.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் போனபோது நாத்தனாரும் வந்தாள். வேனில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து வந்தார்கள். டாக்டரம்மாவிடம் மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை நாள் என்று நாத்தனார்தான் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல எவ்வளவு ஊசி மருந்தால வந்தது, எவ்வளவு மாத்திரையால, எவ்வளவு உங்க ரெண்டு பேரோட வீம்பால வந்ததுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. அளவைக் குறைச்சு மீதி ஊசியைப் போடறேன். விரல் திரும்பி வரலாம். முழுசா வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

மீதி ஊசிகள் குறைந்த அளவில் முடிந்தன. கட்டி இருந்த இடத்தில் இப்போதைக்கு எதுவும் இல்லை என்றார்கள். இதனால் வீட்டில் சமாதானம் வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு அடுப்பும் அப்படியே இருந்தன. ஒரே மாற்றம், தபால்காரருக்கு வேலை போனது. இப்போது நேருக்கு நேர் திட்டிக்கொண்டார்கள். மருந்துக் கடையில் யாராவது புற்றுநோய்க்காரருக்கு நரம்புச் சத்து மாத்திரை கேட்டால் நாத்தனார் எரிந்து விழுந்தாள். "டாக்டர் எழுதிக் கொடுத்தாரா? இல்லையா? அப்ப கிடையாது. போய் டாக்டரைக் கேளுங்க." வியாபாரத்தைக் கெடுக்கிறாள் என்று கடைக்காரர் புலம்பினார்.

கொசுவின் விரல் மெல்ல மெல்ல, அரைகுறையாகத் திரும்பியது. முதலில் எரிச்சல், பிறகு ஊசி குத்துகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. நுனி மட்டும் செத்தது செத்ததாகவே கிடந்தது. அவள் கணவரின் கையில் பட்டையைக் கட்டி நரம்பு தேடிப் பழகினாள். நுனியை விட்டு, விரலை மடக்கி முதல் கணுவால் அழுத்திப் பார்த்தாள். அங்கே கொஞ்சம் உணர்ச்சி இருந்தது. வெயில் காலத்திலும் கணவர் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்.

ஒரு காலை கொசு முதலாளியிடம் போய் நாற்காலியைத் திரும்பக் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை, தைரியம் இல்லாதவர். "நான் வேண்டாம்னு சொல்லல. யாராவது உங்கிட்ட கையை நீட்டினா குத்து" என்றார்.

கொசு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, "அடுத்தது யாரு?" என்றாள்.

பெஞ்சில் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் கையால் பல வருஷம் இரத்தம் கொடுத்தவர்கள். ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் செல்போனைப் பார்த்தார். அந்தக் கயிறு நரம்புப் பெரியவர், "நான் அந்தப் பொண்ணுகிட்டயே கொடுத்துக்கறேன்" என்று முணுமுணுத்தார். விரல் செத்தவள் என்ற சேதி அவளுக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கொசுவுக்கு அத்தனை பேரையும் அறைய வேண்டும் போல இருந்தது. கூடவே, ஓடிப்போய்க் கழிவறையில் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

கதவோரத்தில் நின்றிருந்த நாத்தனார் முன்னால் வந்தாள். கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்பது கொசுவுக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்குக் கன்றிப்போன அதே கையை நீட்டினாள்.

"எனக்கு எடுங்க, அண்ணி."

கொசு பட்டையைக் கட்டினாள். பழக்கதோஷத்தில் விரல் நுனிதான் முதலில் போனது. பஞ்சுப் பொதி. கணுவை மடக்கி அழுத்தினாள். ஏதோ தள்ளியது போல இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. குத்தினாள். குழாய் காலியாகவே நின்றது. ஊசியை லேசாகத் திருப்பினாள். நாத்தனாரின் பற்கள் கடிபடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. இரத்தம் வரவில்லை.

பெஞ்சில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். "சொன்னேன் இல்ல" என்றது ஒரு குரல். கொசு ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

நாத்தனார் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு எழுந்து நின்று கத்தினாளே, அதே குரல், அதே சத்தம்.

"என்ன பார்க்கறீங்க? வேணும்னேதான் குத்தினாங்க. எனக்கும் இவங்களுக்கும் ஆகாது, ஊருக்கே தெரியும். உங்க யாருக்காவது இதுவரைக்கும் தவறியிருக்கா? என் கைன்னாதான் இவங்களுக்கு இப்படிக் குத்த வரும்."

கயிறு நரம்புப் பெரியவர் வாயைத் திறந்தார், நாத்தனார் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

எந்தச் சொல்லைத் திருப்பி வாங்கச் சொல்லி இத்தனை வருஷம் கொசு முறுக்கிக்கொண்டு திரிந்தாளோ, அதையே இவள் ஊரறிய மறுபடியும் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை அதைத் திருப்பி வாங்கிவிடக் கூடாதே என்றிருந்தது அவளுக்கு.

பட்டையை அவிழ்த்தாள்.

"வாயை மூடிக்கிட்டு அந்தக் கையைக் கொடு" என்றாள்.

நாத்தனார் மறு கையை நீட்டினாள்.